பணம் தருகிறேன் என்பவரிடம் வீட்டை இடிக்கக் கொடுக்கலாமா?

கேள்வி இது: மேற்கு மாம்பலத்தில் அப்பா விட்டுச்சென்ற வீடு. முன்கட்டு 1940-களில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் (மரக்கட்டைகளின் மேல் செங்கல் வைத்துக் கட்டிய கூரை). பின்கட்டும் மாடியும் 1974-இல் கான்கிரீட்டில் சேர்த்தது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். மூன்று கான்ட்ராக்டர்கள் வந்து பார்த்தார்கள். ஒருவர் எங்களுக்கே 1,75,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். இன்னொருவர், "காசு எதுவும் வேண்டாம், பொருளை எடுத்துக்கிறேன்" என்கிறார். மூன்றாமவர் எங்களிடம் 1,40,000 கேட்கிறார். நாங்கள் இருப்பது புனேயில். யாரை நம்புவது?

உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முதல் இருவரும் நேரே கூடத்துக்குள் போய் அண்ணாந்து கட்டைகளை எண்ணினார்கள், மூன்றாமவர் மட்டும் இடதுபக்கம் போய் நின்று, "இந்தச் சுவர் உங்களுதா, பக்கத்து வீட்டுக்காரங்களுதா?" என்று கேட்டார் என்று. சென்னையில் 22 வருடமாகக் கட்டட வேலை பார்க்கும் பொறியாளன் நான். ஆளை எடைபோட எனக்கு அந்த ஒரு வரியே பாதி போதும். மீதிப் பாதிக்கு நீங்கள் செய்ய வேண்டியவை இருக்கின்றன. அவற்றைச் சொல்கிறேன்.

இடிப்புத் தொழிலில் இரண்டு வியாபாரங்கள் கலந்து கிடக்கின்றன. பழைய பொருளை வாங்கி விற்பது ஒன்று: தேக்குக் கட்டை, நிலை, கதவு, ஜன்னல், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, முழுச் செங்கல், கடப்பைக் கல். கட்டடத்தை ஆள் சேதம் இல்லாமல், அக்கம்பக்கத்துச் சுவரில் விரிசல் விழாமல் இறக்கி, இடிபாட்டை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இன்னொன்று. முதலாவதில் வரவு, இரண்டாவதில் செலவு. உங்களுக்குப் பணம் தருகிறேன் என்பவர் வரவுக் கணக்கை மட்டும் உங்களிடம் சொல்லியிருக்கிறார். முட்டுக் கொடுப்பதும், வலை கட்டுவதும், பக்கத்து வீட்டை ஒட்டிய சுவரைக் கையால் பிரிப்பதும், இன்சூரன்ஸும், லாரி வாடகையும் காசு கேட்கிற வேலைகள். அவர் உங்களுக்குத் தரும் 1,75,000 இவற்றில் எதிலிருந்தோதான் வரும்.

அதற்காக உங்கள் பொருளுக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். நீங்களே ஒருமுறை கணக்குப் போடுங்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையில் ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒரு கட்டை ஓடும். எத்தனை கட்டை என்று எண்ணி, அகலம், உயரம், நீளம் அளந்துகொள்ளுங்கள். சுவருக்குள் புதைந்திருக்கும் பாகத்தையும் சேர்க்க வேண்டும். 4 அங்குல அகலம், 5 அங்குல உயரம், 11 அடி நீளம் என்றால் ஒரு கட்டை ஒன்றரை கன அடி. 20 கட்டை இருந்தால் 30 கன அடி. பழைய தேக்கு என்ன விலை போகிறது என்று இரண்டு பழைய மரக்கடைகளில் விசாரித்தால் தெரிந்துவிடும். கான்கிரீட் கூரை 1,000 சதுர அடி, 5 அங்குலக் கனம் என்றால் உள்ளே தோராயமாக 1 டன் கம்பி இருக்கும். அதன் விலையை எந்தக் காயலான் கடையிலும் சொல்வார்கள். முன்கட்டுச் செங்கல் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால் தட்டினாலே முழுசாகப் பிரியும். பின்கட்டில் சிமெண்டில் கட்டியது பெரும்பாலும் உடைந்துதான் வரும். இந்தக் கணக்கு கையில் இருந்தால் 1,40,000 கேட்பவரிடமும் நீங்கள் நிமிர்ந்து பேசலாம்.

ஒன்று மட்டும் மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். வாசல் நிலையையும் கதவையும் விற்காதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில், இடித்த வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் வாங்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். உங்கள் வீட்டுக் கதவு உங்களிடமே இருக்கிறது. புது வீட்டின் வரைபடத்தில் அந்த நிலைக்கு இப்போதே ஓர் இடம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இனி ஆபத்தைப் பற்றி. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல கான்ட்ராக்டரை அடையாளம் காண, வேலை எப்படிப் போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெட்ராஸ் டெரஸ் என்பது அடுக்கு அடுக்கான கூரை. கீழே மரக்கட்டைகள். அவற்றின் மேல் அச்சுக்கல் என்னும் சிறு செங்கல்லைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வாக வரிசை வைத்துச் சுண்ணாம்பில் கட்டியிருப்பார்கள். அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லிக் காரை. எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு என்னும் தட்டையான ஓடு. பிரிக்கும்போது இது அப்படியே தலைகீழாக நடக்க வேண்டும்: முதலில் தட்டோடு, பிறகு காரை, பிறகு கல், கடைசியில்தான் கட்டை.

சில வருடங்களுக்கு முன் திருவல்லிக்கேணியில் இப்படி ஒரு வீட்டைப் பிரித்தபோது நான் உடன் இருந்தேன். மேஸ்திரிக்கு அறுபது வயது இருக்கும். கையில் முழ நீளத்தில் ஒரு கம்பி. ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு கட்டையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் தட்டிக்கொண்டே வந்தார். 'டங்' என்று கேட்டால் அடுத்த கட்டைக்குப் போனார். ஏழாவது கட்டையில் சத்தம் 'தொப்' என்று அமுங்கியது. கம்பியை அழுத்தினார், மூன்று விரற்கடை உள்ளே போனது. வெளியே இழுத்தபோது நுனியில் காபிப்பொடி மாதிரி மரத்தூள் ஒட்டியிருந்தது. சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து அந்தக் கட்டையில் ஒரு பெருக்கல் குறி போட்டார். "இதுக்கு மேல எவனும் கால வெக்கக் கூடாது சார்" என்றார். மொத்தம் நான்கு கட்டைகளில் குறி விழுந்தது. அந்த நான்குக்கும் கீழே சவுக்குக் கட்டையில் முட்டுக் கொடுத்து முடிக்கவே மதியம் ஆகிவிட்டது. அதுவரை ஒரு சம்மட்டிகூட மேலே போகவில்லை.

மரத்துக்கு விலை பேசி வந்தவருக்கு அந்த அரை நாள் நஷ்டம். கட்டை சீக்கிரம் வெளியே வர வேண்டும், லாரி காத்திருக்கிறது. கூரையின் மேல் சுமை அப்படியே இருக்க, கீழிருந்து ஒரு முனையை அறுத்து உருவிய இடங்களை நான் பார்த்திருக்கிறேன். கட்டை ஒன்று போனால் அதன் இரு பக்கத்துக் கல்வரிசையும் பிடிப்பிழந்து கொட்டும். கீழே நிற்பவர் தினக்கூலிக்கு வந்த யாரோ ஒருவர்.

கான்கிரீட் பகுதியில் கவனிக்க வேண்டியது சன்ஷேட். ஜன்னலுக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பலகையை எது பிடித்துக்கொண்டிருக்கிறது? அதன் உள்முனை மேல் உட்கார்ந்திருக்கும் சுவரின் எடை. மேலே உள்ள சுவரை எடுத்துவிட்டு, சன்ஷேட்டை விட்டுவைத்தால், அதன் மேல் ஓர் ஆள் ஏறி நின்றாலே அது குப்புறக் கவிழும். பால்கனியும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதனால் தெரிந்தவர்கள் சன்ஷேட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மேல் சுவரில் கை வைப்பார்கள். வருகிற கான்ட்ராக்டரிடம், "சன்ஷேட்டை எப்போது, எப்படி எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர் வேலை தெரிந்தவர்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம், தனித்து நிற்கும் சுவர். கூரை இருக்கும்வரை சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. கூரை போனதும் பத்தடிச் சுவர் வெறும் சீட்டுக்கட்டு. சென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் உள்சுவர்களை மண்சாந்தில் கட்டி வெளியே சுண்ணாம்பு பூசியிருப்பார்கள். ஒரு மழையில் நனைந்தால் அந்தச் சாந்துக்குப் பிடிப்பு இருக்காது. 2023 ஜனவரி 27 அன்று அண்ணாசாலையில், ஆயிரம் விளக்குப் பக்கம், இடித்துக்கொண்டிருந்த பழைய கட்டடத்தின் சுவர் நடைபாதையில் சரிந்தது. வேலைக்குப் போய்க்கொண்டிருந்த 22 வயதுப் பெண் இறந்துபோனார். அவருக்கும் அந்தக் கட்டடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை; அந்த நேரத்தில் அந்த வழியாக நடந்தார், அவ்வளவுதான். இடிப்பு வேலையில் இருந்தவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, தெருவோரச் சுவரை எந்த வேலையிலும் ராத்திரிக்கு விட்டுவைக்க நான் சம்மதிப்பதில்லை. அன்று எடுக்கத் தொடங்கிய சுவர் அன்றே நெஞ்சளவுக்குக் கீழே வந்துவிட வேண்டும்.

சட்டத்தையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 290-ஆவது பிரிவு, கட்டடத்தை இடிக்கும்போது அது விழுந்து ஆளுக்கு ஆபத்து வராதபடி போதிய ஏற்பாடு செய்யாமல் விடுவதையே குற்றம் என்கிறது: 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். அலட்சியத்தால் உயிர் போனால் 106-ஆவது பிரிவு. 5 ஆண்டு வரை சிறை. "கான்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டேன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று உரிமையாளர் கை கழுவிவிட முடியாது. வழக்கில் உங்கள் பெயரும் வரலாம். புனேயில் இருப்பது அதற்கு மறைப்பு ஆகாது.

சரி, ஆளை எப்படித் தேடுவது? இணையத்தில் முதலில் வரும் எண்ணைவிட, உங்கள் புது வீட்டுக்கு வரைபடம் போடும் பொறியாளரையோ, உங்கள் பகுதியில் அடுக்குமாடி கட்டும் பில்டரையோ கேளுங்கள். மாம்பலம், தியாகராய நகர், அசோக் நகர் பகுதிகளில் மாதம் ஒரு பழைய வீடாவது இடிபடுகிறது. இடித்தவரின் எண் அங்கே தகரத்தில் எழுதியிருக்கும். ஆனால் பேர் கிடைத்ததும் பேசிவிடாதீர்கள். உங்கள் சார்பில் யாராவது இரண்டு இடங்களுக்குப் போக வேண்டும்.

முதலாவது, அவர் இப்போது இடித்துக்கொண்டிருக்கும் இடம். சொல்லாமல் காலை 11 மணிக்குப் போகச் சொல்லுங்கள். மேலே சம்மட்டி விழும்போது கீழே ஆள் நடமாட்டம் இருக்கிறதா? தூசி அடங்கத் தண்ணீர் அடிக்கிறார்களா? தெருப்பக்கம் தகரமும் பச்சை வலையும் உண்டா? லாரி பின்னால் வரும்போது தெருவில் நின்று ஆட்களை நிறுத்த ஒருவர் இருக்கிறாரா? மாடித் தளத்தில் இடிபாட்டைக் குவித்து வைத்திருக்கிறார்களா என்பதை முக்கியமாகப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தத் தளம் நாலு கட்டிலும் பத்துப் பேரும் தாங்கக் கட்டியது. மூன்றடி உயரத்துக்குச் செங்கல் குவியலைத் தாங்கக் கட்டியது அல்ல. இடிப்புப் பாதுகாப்புக்கென்றே ஐ.எஸ். 4130 என்ற இந்தியத் தர நெறிமுறை இருக்கிறது. 1991-இல் திருத்தி வெளியிட்டார்கள். கட்டிய வரிசைக்கு நேர் எதிராக, மேலிருந்து கீழே வர வேண்டும், தளத்தில் இடிபாடு சேரக் கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. கான்ட்ராக்டர் அதைப் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். திருவல்லிக்கேணி மேஸ்திரியும் படித்திருக்கமாட்டார். ஆனால் அவர் செய்தது அதில் சொல்லியிருப்பதைத்தான்.

இரண்டாவது இடம், அவர் இடித்து முடித்த வீட்டுக்குப் பக்கத்து வீடு. இடிக்கக் கொடுத்தவரைக் கேட்டால் வேலை சீக்கிரம் முடிந்தது என்பார். பக்கத்து வீட்டம்மாவைக் கேட்டால்தான் உண்மை வரும்: எங்கள் சமையலறைச் சுவரில் விரிசல் விட்டது, பூசிக் கொடுத்தார் அல்லது பூசித் தரவே இல்லை, ராத்திரி 12 மணிக்கு லாரி ஏற்றினார்கள், தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டு மூன்று நாள் திரும்பிப் பார்க்கவில்லை. விசாரணை என்று ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

இயந்திரம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஹிட்டாச்சியில் (மண் தோண்டும் இயந்திரம்) பிரேக்கர் என்னும் உடைக்கும் உளியை மாட்டி அடித்தால் வேலை வேகமாகப் போகும். அதிர்வும் அதே அளவு இருக்கும். ஜா கட்டர் கான்கிரீட்டைக் கவ்வி நொறுக்குவதால் அதிர்வு குறைவு. 2017-இல் தியாகராய நகரில் தீப்பிடித்த துணிக்கடைக் கட்டடத்தை இடித்தபோது அந்தச் சொல் ஊர் முழுக்கப் பரவியது. அந்த வேலையிலும் ஓர் உயிர் போனது. இயந்திரம் வந்துவிட்டால் மட்டும் ஆபத்து நீங்கிவிடாது. உங்கள் வீட்டுக்கு என் யோசனை: இடதுபக்கம் பக்கத்து வீட்டை ஒட்டி நான்கடி அகலத்துக்கு முழுக்கக் கையால் பிரிக்க வேண்டும். அந்த நான்கடி எல்லையில் மாடிக் கூரையையும் பின்கட்டுக் கூரையையும் கட்டரால் அறுத்து ஒரு பிளவு போட வேண்டும். அந்தப் பிளவு விழுந்தால் கூரை வழியாக அதிர்வு பக்கத்து வீட்டுப் பக்கம் போகாது. மீதியை இயந்திரத்தில் செய்யலாம். வெடி வைத்துத் தகர்ப்பதெல்லாம், 2016 நவம்பர் 2 அன்று மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடத்துக்குச் செய்ததைப் போல, வேறு வகை வேலை. வீட்டுக்கு அந்தப் பேச்சே வேண்டாம்.

ஒப்பந்தம். இங்கேதான் பணம் தருகிறேன் என்பவரிடம் உள்ள பெரிய சிக்கல் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுப்பவராக இருந்தால், வேலை முடியும்வரை ஒரு பகுதியைக் கையில் வைத்துக்கொள்ளலாம். அவர் உங்களுக்குப் பணம் கொடுத்தால் உங்கள் கையில் பிடிமானமே இல்லை.

என் சித்தப்பா வீட்டில் நடந்தது இது. ஒரு கான்ட்ராக்டர் 90,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார். சித்தப்பாவுக்கு அவ்வளவு சந்தோஷம். முதல் நாலு நாளில் கதவு, ஜன்னல், கட்டை போயின. அடுத்த நாலு நாளில் கூரையை உடைத்துக் கம்பியை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் ஆள் வரவில்லை. போன் அணைந்திருந்தது. அரைகுறைச் சுவர்கள், அஸ்திவாரம், ஆள் உயரத்துக்கு ரப்பிஷ். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு ராத்திரி பின்சுவர் பக்கத்து வீட்டுக் குளியலறையின் மேல் விழுந்தது. உள்ளே யாரும் இல்லாதது எங்கள் புண்ணியம். குளியலறையைக் கட்டிக்கொடுத்து, மிச்சத்தை அள்ள வேறொருவரைப் பிடித்து, எல்லாம் முடிந்தபோது 90,000 வாங்கிய வீட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் செலவாகியிருந்தது. சித்தப்பாவிடம் எழுத்தில் இருந்தது ஒரு துண்டுச்சீட்டு. அதில் தொகை மட்டும்தான் இருந்தது.

அதனால், யாருக்குக் கொடுத்தாலும் முத்திரைத்தாளில் எழுதுங்கள். எதுவரை இடிப்பது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்: தரைமட்டம் வரையா, அஸ்திவாரம் தோண்டி எடுப்பது உட்படவா, காம்பவுண்டு சுவர் இருக்கவா போகவா, கிணறு, சம்ப், செப்டிக் டேங்க் என்ன ஆக வேண்டும். சண்டை வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வரிகளில்தான். உங்களுக்கு வேண்டிய பொருள்களைப் பட்டியலிட்டு, மீதி அவருக்கு என்று எழுதுங்கள். மரமும் கம்பியும் வெளியே போவதற்கு முன் இடிபாடு இத்தனை லோடு போயிருக்க வேண்டும் என்று ஒரு வரிசை வையுங்கள். நீங்கள் பணம் கொடுப்பதாக இருந்தால் நாலில் ஒரு பங்கு, மனை சுத்தமான பிறகே. அவர் கொடுப்பதாக இருந்தால், அந்தத் தொகைக்கு மேல் ஒரு லட்சமாவது திருப்பித் தரும் வைப்புத்தொகையாக வாங்குங்கள். மாட்டேன் என்றால் அவர் எண்ணம் புரிந்துவிட்டது.

இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். நகலை வாங்கிப் பாருங்கள். தொழிலாளர் இழப்பீட்டு பாலிசியில் உங்கள் மனையின் முகவரி, வேலை நடக்கும் தேதிகள், ஆட்களின் எண்ணிக்கை, வேலையின் தன்மை 'இடிப்பு' என்பது எல்லாம் இருக்க வேண்டும். கட்டுமான வேலை என்று மட்டும் போட்டிருந்தால், விபத்துக்குப் பிறகு அதையே காரணம் காட்டி மறுக்க இடமுண்டு. பக்கத்து வீட்டுச் சேதத்துக்குத் தனியாக மூன்றாம் நபர் பாலிசி வேண்டும். பிரீமியத்தை நீங்களே ஏற்றுக்கொண்டாலும் பரவாயில்லை. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. கட்டுவதற்குப் போலவே இடிப்பதற்கும் மாநகராட்சியில் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பம் உங்கள் பெயரில்தான் போகும். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து மீட்டரையும் சர்வீஸ் ஒயரையும் கழற்றச் சொல்லுங்கள். மெயினை அணைத்துவிட்டோம் என்பது போதாது, ஒயர் கம்பத்திலிருந்தே போக வேண்டும். வேலைக்கும் புதுக் கட்டுமானத்துக்கும் தற்காலிக இணைப்பு தனியே வாங்கிக்கொள்ளலாம். கழிவுநீர் இணைப்பை அடைக்காமல் விட்டால் ரப்பிஷ் அதற்குள் போய்த் தெருவே நாறும். செப்டிக் டேங்க் இருந்தால் முன்பே லாரி வைத்து உறிஞ்சி எடுத்து, மூடியைத் திறந்து காற்றாட விட வேண்டும். அதற்குள் எந்தக் காரணத்துக்காகவும் ஆளை இறக்கக் கூடாது. மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டிருந்தால், தண்ணீரில் நனைத்து, போல்ட்டைக் கழற்றி, உடைக்காமல் முழுசாக இறக்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. மரம் வெட்டுவதென்றால் அதற்கு அனுமதி வேண்டுமா என்று தனியே விசாரியுங்கள்.

இடிபாட்டைப் பற்றி யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. 1,000 சதுர அடி, 5 அங்குலக் கான்கிரீட் கூரையின் எடை மட்டும் ஏறத்தாழ 30 டன். சுவர், தரை, அஸ்திவாரம் எல்லாம் சேர்த்தால் உங்கள் வீடு 200 டன்னைத் தாண்டும். பத்து டன் ஏற்றும் டிப்பரில் 20 லோடு. இது எங்கே போகிறது என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்ற பதிலை ஏற்காதீர்கள். 2022-இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகக் கொட்டப்பட்டதெல்லாம் இப்படி யாரோ பார்த்துக்கொண்ட லோடுகள்தான். ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல் இடிபாடு உண்டாக்கினால் வகை பிரித்து, முன்கூட்டியே திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு கட்டடக் கழிவு விதிகளே சொல்லின. அவற்றின் இடத்தில் 2025-இல் புதிய விதிகள் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்தார்கள். சென்னை மாநகராட்சிக்குப் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் கட்டட இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டால் உங்கள் மண்டலத்தில் எங்கே ஒப்படைக்கலாம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு லோடுக்கும் ரசீது வேண்டும், ரசீது வந்த லோடுக்குத்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

வேலை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நீங்களோ உங்கள் வீட்டார் யாராவதோ ஊருக்கு வந்தே ஆக வேண்டும். இடதுபக்க வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு அவர்கள் வீட்டுச் சுவர், கூரை, தரை எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, ஏற்கெனவே இருக்கும் விரிசல்களின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். படங்களை அவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். நாளைக்கு விரிசல் நீண்டால் எவ்வளவு நீண்டது என்பதில் வாக்குவாதம் வராது. மேற்பார்வைக்கு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைத் தனியாக அமர்த்துங்கள். கான்ட்ராக்டரின் ஆளாக இருக்கக் கூடாது. தினமும் மாலை 6 மணிக்கு நாலு பக்கத்துப் போட்டோவும் வாட்ஸ்அப்பில் வர வேண்டும்; எந்தச் சுவராவது தலைக்கு மேல் தனியாக நிற்பது தெரிந்தால் அன்று ராத்திரியே போன் போட்டுக் கேளுங்கள்.

மாதம் தை முதல் பங்குனிக்குள் பார்த்துக்கொள்ளுங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டவே வேண்டாம்.

இப்போதைக்கு, 1,40,000 கேட்டவரை மறுபடி கூப்பிட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள்: கட்டைகளின் முனையை எப்படிச் சோதிப்பீர்கள், சன்ஷேட்டை எப்போது எடுப்பீர்கள், இடதுபக்கச் சுவரை எப்படிப் பிரிப்பீர்கள். இடதுபக்கச் சுவர் பொதுச் சுவரா என்று உங்கள் பழைய பத்திரத்தில் பாருங்கள். 'பொதுச் சுவர்', 'கூட்டுச் சுவர்' என்று நான்கெல்லைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும். பொதுச் சுவர் என்றால் அதை இடிக்கக் கூடாது. உங்கள் பக்கத்துக் கூரைக் கட்டைகளை அதிலிருந்து எடுத்த பிறகு அந்தக் குழிகளை அன்றன்றைக்கே செங்கல் வைத்து அடைத்து, சுவருக்குச் சாய்வு முட்டும் கொடுக்க வேண்டும். அந்தச் சுவரையும் பத்திரத்தில் அது வரும் தாளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், முட்டு எத்தனை அடிக்கு ஒன்று வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.